35ஆம் பாகை தேடி: அப்பாவுடன் ஓர் எல்லைப் பயணம்

வியாழன் இரவு, லிட்டில் ரிவர், தென் கரோலினா

வட கரோலினாவுக்கும் தென் கரோலினாவுக்கும் இடையிலான எல்லை கடலில் தொடங்கும் இடத்துக்கு இன்று போனோம். சன்செட் பீச்சில் காரை நிறுத்திவிட்டு மணலில் மேற்கே நடந்தால் பேர்ட் ஐலண்ட். இன்னும் நடந்தால் லிட்டில் ரிவர் முகத்துவாரத்தின் கல்தடுப்பு தெரிகிறது. அங்கே எங்கேயோதான் கோடு. கடற்கரை நாணலையும் மணல்மேடுகளையும் பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி: "கல்லு எங்கம்மா?"

அப்பா தேனி மாவட்டத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ராலேயில் என்னோடு தங்க வந்தவருக்கு நயாகராவில் பெரிய ஆசை இல்லை. ஒரு மாநில எல்லையை ஆரம்பத்திலிருந்து போய்ப் பார்க்கலாமா என்றேன். மறுநாளே ஷூ வாங்கிக்கொண்டார். கடலில் தொடங்கி அப்பலாச்சிய மலையைத் தாண்டி டென்னசி ஆறு வரை போவதாகத் திட்டம்.

கதை 1730இல் தொடங்குகிறது. அப்போது பிரிட்டிஷ் காலனிகளாக இருந்த இரண்டு கரோலினாக்களின் ஆளுநர்களும் லண்டனில் பேசி, கேப் ஃபியர் ஆற்றின் முகத்திலிருந்து 30 மைல் தள்ளி எல்லை தொடங்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். 1735இல் தெளிவான ஏற்பாடு வந்தது. கடற்கரையில் அந்த 30 மைல் புள்ளியிலிருந்து வடமேற்காகப் போக வேண்டும், வடக்கு அட்சரேகை 35 பாகையைத் தொட்டதும் நேர் மேற்கே திரும்ப வேண்டும். காகிதத்தில் இரண்டே வரி. தரையில் சதுப்பு, முள், பாம்பு, காந்த ஊசி, சங்கிலி. 1735இல் ஒரு பகுதி அளந்தார்கள். 1737இல் கோட்டை இன்னும் 22 மைல் நீட்டி, 35 பாகை வந்துவிட்டது என்று நம்பி, ஒரு புல்வெளியில் முளையடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அன்று அவர்கள் வைத்த அடையாளங்கள் பெரும்பாலும் மரங்களில் கோடரியால் வெட்டிய தழும்புகள்தான். கரையோரப் பகுதியில் கருங்கல் தூண்கள் நட்டது 1928இல். நடுவில் ஏறக்குறைய இருநூறு வருஷம், எல்லை மனிதர்களின் நினைவில்தான் இருந்திருக்கிறது. இந்த ஊர்ப்பக்கம் 'எல்லை வீடு' என்று ஒரு வீடு இருந்ததாம். கோடு எங்கே என்று கேட்டால் அந்த வீட்டைத்தான் காட்டுவார்களாம்.

ராத்திரி கலபாஷில் இறால் வறுவல். மெல்லிய மாவில் புரட்டிப் பொரிப்பது இந்த ஊர்ப் பாணி. அப்பாவுக்குப் பிடித்திருந்தது, காரம்தான் போதவில்லை.

வெள்ளி இரவு, சார்லட்

காலையில் கிளம்பி எல்லையை ஒட்டியே வடமேற்காக ஓட்டினோம். டில்லனில் பெருவழிச்சாலை ஓரம் பெரிய தொப்பிக் கோபுரத்தோடு ஒரு கேளிக்கை ஊரே நிற்கிறது. 1949இல் வட கரோலினாவின் பக்கத்து மாவட்டத்தில் மதுவிலக்கு இருந்தபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் பீர் கடை போட்டார், அதிலிருந்து வளர்ந்தது. அங்கே நிற்கவில்லை. எங்களுக்கு அந்தப் புல்வெளி வேண்டியிருந்தது.

கிப்சன் என்ற சின்ன ஊருக்குச் சற்றுத் தள்ளித்தான் எல்லை வடமேற்கிலிருந்து மேற்காகத் திரும்புகிறது. பருத்தி வயல், பைன் மரங்கள், ஆளில்லாத சாலை. தனியார் நிலமாக இருக்கும் என்று நாங்கள் இறங்கித் தேடவில்லை. சாலையோரம் நின்று அப்பா போனில் அட்சரேகை பார்த்தார். 34 பாகை 48 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அதாவது அந்த 1737 முளை, வைக்க வேண்டிய இடத்துக்கு 11 மைலுக்கு மேல் தெற்கே விழுந்திருக்கிறது.

"ஒரு கலைக்கு ஒன்றேகால் மைல் கூட இல்லை. பத்து கலைக்கு மேல தப்பு விட்டிருக்காங்களே," என்று அப்பா வருத்தமாகச் சொன்னார். வேறொரு சர்வேயரின் தவறைப் பார்த்து அவர் வருத்தப்படுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

யாரும் கவனிக்கவில்லை. 1764இல் மறுபடி ஆள் அனுப்பி, அந்த முளையிலிருந்தே நேர் மேற்கே 60 மைலுக்கு மேல் கோடு இழுத்தார்கள். சாலிஸ்பரியிலிருந்து சார்ல்ஸ்டன் போகும் வண்டிப்பாதையை எட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தென் கரோலினா சுமார் 660 சதுர மைல் நிலத்தை இழந்திருந்தது.

இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடித்தது. தவறு தெரிந்ததும் கோட்டை அழித்துவிட்டு 35 பாகையில் புதிதாகப் போடவில்லை. அதற்குள் அங்கே வயல் உழுதவர்கள், பட்டா வாங்கியவர்கள், வரி கட்டியவர்கள் இருந்தார்கள். அதனால் 1771இல் பிரிட்டிஷ் அரசர் வேறு ஏற்பாடு செய்தார். கிழக்கே தென் கரோலினா இழந்த நிலம் போனதுதான், மேற்கே எல்லையை 35 பாகைக்கு வடக்கே தூக்கிவைத்து தென் கரோலினாவுக்கு ஈடு கட்டுவது. 1772இல் அப்படியே அளந்தார்கள். வரைபடத்தில் சார்லட்டுக்குக் கீழே எல்லை படிக்கட்டு மாதிரி மேலே ஏறுவது இதனால்தான். ஒரு தவறுக்கு ஈடாக வேண்டுமென்றே செய்த இன்னொரு விலகல்.

அந்தப் படிக்கட்டின் நடுவே இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்டாபா என்ற பழங்குடி மக்களுக்கு 1763 அகஸ்டா உடன்படிக்கையில் 15 மைலுக்கு 15 மைல், 1,44,000 ஏக்கர் ஒதுக்கினார்கள். அந்த நிலம் தென் கரோலினாவில் இருக்க வேண்டும் என்பதற்காக எல்லை அதைச் சுற்றி வளைந்து போகிறது. வளைந்த கோடு இன்றும் படத்தில் இருக்கிறது. ஆனால் 1840 உடன்படிக்கையில் அந்த நிலம் அவர்கள் கையை விட்டுப் போனது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் 11 மைல் தவறினாலும் ஈடு உண்டு, கட்டாபாக்கள் முழுச் சதுரத்தையும் இழந்தபோது அப்படி யாரும் அளந்து ஈடு செய்யவில்லை. இதை எழுதாமல் எல்லைக் கதையை எழுதுவது சரியாக இருக்காது.

போகிற வழியில் வாக்ஸா. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் 1767இல் பிறந்த பகுதி. இரண்டு மாநிலமும் 'இங்கேதான் பிறந்தார்' என்று அடையாளம் வைத்திருக்கின்றன. அவர் தான் தென் கரோலினாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டவர். அவர் பிறந்தபோது இந்த இடத்தில் கோடு எந்தப் பக்கம் போகும் என்பதே முடிவாகவில்லை, 1772 அளவைக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

சனி இரவு, லேக் வைலி

இன்று முழுக்க சமீபத்திய கதை.

1990களில் மலைப்பகுதியில் ஒரு மின் நிறுவனம் தன் காட்டு நிலங்களைப் பாதுகாப்புக்காகக் கைமாற்ற நினைத்தது. எந்த நிலம் எந்த மாநிலத்தில் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. வெட்டுத் தழும்பு வாங்கிய மரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அப்புறம்தான் இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு குழு வைத்து, 334 மைல் எல்லையையும் மறுபடி தேட ஆரம்பித்தன. 'தேட' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். புதுக் கோடு போடுவது அவர்கள் வேலை இல்லை. 1735லும் 1764லும் 1772லும் 1813லும் அளந்தவர்கள் உண்மையில் எங்கே நடந்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு அவர்கள் போனது ஆவண அறைகளுக்கு. 'மாநில எல்லை' என்று ஒரு பக்கம் குறித்த பழைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தைய மானியப் படம் என்று பின்னாலேயே போய், ஒவ்வொரு பக்கத்து நிலத்தின் அளவையும் தரையில் வைத்துப் பார்த்து, கோடு போன இடத்தைத் துண்டு துண்டாக மீட்டார்கள். பிறகு செயற்கைக்கோள் கருவியால் அந்தப் புள்ளிகளைப் பதிந்தார்கள். கிட்டத்தட்ட இருபது வருஷ வேலை.

இங்கேதான் அப்பாவுக்கும் எனக்கும் தகராறு வந்தது. நம்மூரில் எல்லைக் கல் காணாமல் போனால் புலப்படத்தை எடுத்து, அதிலுள்ள அளவுகளை வைத்துத் திரும்பக் கல் போட்டுக் கொடுப்பார்கள். கல் நகர்ந்திருந்தால் படம்தான் பேசும். "கல்லை நம்பினா, ராத்திரியோட ராத்திரியா பிடுங்கி நாலடி தள்ளி ஊனிடுவான். படத்தை எப்படிம்மா தள்ளுவான்?" என்றார்.

இங்கேயும் நகர்த்திய கல்லுக்கு மரியாதை இல்லை, முதலில் எங்கே நட்டார்களோ அந்த இடத்துக்குத்தான் என்றேன். "அப்ப படத்துல 35 பாகைன்னு எழுதியிருக்கே, அது?" என்று கேட்டார். அது அளப்பதற்கு முன் கொடுத்த உத்தரவு. புலப்படம் அளந்த பிறகு வரைந்தது. இங்கே உத்தரவுக்கும் தரைக்கும் முரண் வந்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தரைதான் நிற்கும். அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. "சரி, அப்படின்னா நாங்க செஞ்சதும் அதேதான்" என்றார் பிறகு. முழுக்க ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மறு அளவையின் முடிவில் 19 வீடுகள் மாநிலம் மாறின. பெரும்பாலானவை தென் கரோலினா என்று நினைத்திருந்தவை. ஏரியோரம் ஒரு பெட்ரோல் பங்கும் இப்படி மாட்டியது. அப்போது தென் கரோலினாவில் பெட்ரோல் வரி கேலனுக்கு 17 சென்ட் அளவு, வட கரோலினாவில் அதைப்போல இரண்டு மடங்கு. வாண வெடி விற்பனையிலும் சட்டம் வேறு. நகராத ஒரு கடை இன்னொரு மாநிலத்துக்குப் போய்விட்டது. பள்ளி, ஓட்டு, வருமான வரி, கல்லூரிக் கட்டணம், எல்லாமே கேள்வியானது. இரண்டு சட்டமன்றங்களும் இந்தக் குடும்பங்களின் பாதிப்பைக் குறைக்கத் தனிச் சட்டம் போட்டன. 2017 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எல்லையை மாற்றவில்லை, இருந்ததை மீட்டோம் என்பதால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

அந்த மக்கள் மேல் எனக்குப் பரிவு உண்டு. ஆனாலும் இரண்டு மாநிலங்கள் நீதிமன்றம் போகாமல், இருபது வருஷம் பொறுமையாக ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்த இந்த வேலையை நான் மதிக்கிறேன்.

கட்டாபா ஆறும் அதன் தெற்குக் கிளையும் கூடுமிடத்தில்தான் 1772 கோடு மேற்கே திரும்புகிறது. அணை கட்டியதிலிருந்து அந்தக் கூடுதுறை ஏரித் தண்ணீருக்குள் இருக்கிறது. மாலையில் கரோவிண்ட்ஸ் பக்கம் போனோம். 1973இல் கோட்டின் மேலேயே திறந்த பொழுதுபோக்குப் பூங்கா, எல்லையைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

திங்கள் இரவு, கேஷியர்ஸ், வட கரோலினா

நேற்று முழுக்க மலையேறும் சாலை. பிரெவர்டில் மதியச் சாப்பாடு. அந்த ஊர்ப் பக்கம் 1804இல் எல்லைக்காக ஓர் உயிர் போயிருக்கிறது.

இது 'அனாதைப் பட்டை' என்று பெயர் பெற்ற நிலம். தென் கரோலினா 1787இல் விட்டுக்கொடுத்த 12 மைல் அகலப் பட்டையின் ஒரு பகுதி 1802இல் ஜார்ஜியாவுக்குப் போனது. 35 பாகைக்குத் தெற்கே இருப்பதாக நினைத்து ஜார்ஜியா 1803இல் இங்கே வால்டன் என்று ஒரு மாவட்டத்தையே அமைத்தது. குடியிருந்தவர்களில் பலர் வட கரோலினாவிடம் பட்டா வாங்கியவர்கள். இரு தரப்பு அதிகாரிகளும் வரி கேட்டார்கள். 1804 டிசம்பரில் வட கரோலினாவின் காவலர் ஜான் ஹாவ்னர் துப்பாக்கிக் கட்டையால் அடிபட்டு இறந்தார். வட கரோலினா ஆயுதப் படையை அனுப்பியது.

சண்டையை முடித்தது படை இல்லை, நட்சத்திரம் பார்த்து அட்சரேகை அளந்தவர்கள். 1807இல் வட கரோலினா பல்கலைக்கழகத் தலைவர் ஜோசப் கால்ட்வெல், ஜார்ஜியா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜோசையா மீக்ஸ், இரண்டு பேரும் கருவிகளோடு மலைக்கு வந்து அளந்தார்கள். 35 பாகை எல்லோரும் நினைத்ததைவிடப் பல மைல் தெற்கே இருந்தது. தங்கள் மாவட்டம் தங்கள் மாநிலத்திலேயே இல்லை என்பதை ஜார்ஜியா ஆணையர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்து, அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். தன் தரப்புக்கு எதிரான அளவை ஒப்புக்கொள்ளும் நேர்மை அபூர்வம். அவர்கள் ஊருக்குத் திரும்பியதும் ஜார்ஜியா சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. 1811இல் தன் செலவிலேயே ஆண்ட்ரூ எலிகாட்டை அழைத்து வந்தது.

எலிகாட் அன்றைய அமெரிக்காவில் முதல் வரிசை அளவையாளர். வாஷிங்டன் நகரத்தை அளந்தவர், ஸ்பானிய ஃப்ளோரிடாவின் 31 பாகை எல்லையைக் குறித்தவர், மேற்கே பயணம் போகுமுன் மெரிவெதர் லூயிஸுக்கு நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் அளவும் ஜார்ஜியாவுக்குச் சாதகமாக வரவில்லை. வால்டன் மாவட்டக் கோரிக்கை அத்தோடு போயிற்று.

இன்று எலிகாட் அடையாளம் வைத்த இடத்துக்கு நடந்தோம். தென் கரோலினாப் பக்கம் வால்ஹல்லா மீன் பண்ணையில் காரை விட்டு, கிழக்குக் கிளை ஓடையோடு இறங்கி, சட்டூகா ஆற்றங்கரையில் வடக்கே போக வேண்டும். ஒரு வழிக்கு நாலு மைலுக்கு மேல். வெள்ளைப் பைன், ரோடோடென்ட்ரான் புதர்கள், பூச்சி தாக்கிச் செத்து நிற்கும் ஹெம்லாக் மரங்கள். மூன்று மாநிலங்களில் பரந்திருக்கும் இந்தக் காடு 1975இல் வனப் பாதுகாப்புப் பகுதியானது, எலிகாட் பாறையின் பெயரில். அப்பா என்னைவிட வேகமாக நடந்தார். காட்டில் கல் தேடுவது அவர் உடம்பில் ஊறிய வேலை.

ஆற்றின் விளிம்பில் இரண்டு பாறைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில அடிதான். எலிகாட் பெயரில் உள்ள பாறையில் வட கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்குமாக என், ஜி என்று இரண்டு எழுத்துகள். சற்றுக் கீழே ஆணையர்களின் பாறை. அட்சரேகை 35, 1813ஆம் ஆண்டு, இரண்டு கரோலினாக்களின் பெயர்ச் சுருக்கம். பாசிக்கு நடுவே இப்போதும் படிக்க முடிகிறது. மூன்று மாநிலம் கூடும் புள்ளியாக இதையே கொள்கிறார்கள். அப்பா ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, எழுத்துகளைக் கையால் துடைத்துப் பார்த்தார். "முச்சந்திக் கல்லு. நல்ல இடமாப் பாத்துப் போட்டிருக்காங்க, யாராலும் அசைக்க முடியாது" என்றார். தொழில்காரரின் பாராட்டு.

முழங்கால் வலியோடு அறைக்கு வந்து சேர்ந்தோம். நாளை நீண்ட ஓட்டம்.

செவ்வாய் இரவு, சட்டனூகா, டென்னசி

கடைசிக் கல் தகராறு தீராத கல்.

ஜார்ஜியாவும் டென்னசியும் 35 பாகையில்தான் பிரிய வேண்டும். 1818இல் ஜார்ஜியாவுக்காக ஜேம்ஸ் காமக், டென்னசிக்காக ஜேம்ஸ் கெய்ன்ஸ் வந்தார்கள். காமக் கணிதம் படித்தவர். உச்சியைக் கடக்கும் நட்சத்திரத்தை நுணுக்கமாக அளக்கும் ஜெனித் செக்டர் என்ற கருவியைக் கேட்டார், கிடைக்கவில்லை. இருந்த செக்ஸ்டன்ட் என்ற கோணமானியையும் அட்டவணைகளையும் வைத்து அளந்து, நிக்கஜாக் கிராமத்துக்கு நேர் தெற்கே, டென்னசி ஆற்றின் தென்கரையிலிருந்து ஒரு மைல் 28 கோல் தூரத்தில் கல் வைத்தார்கள். ஒரு கோல் பதினாறரை அடி. சரியான 35 பாகைக்கு அது ஏறத்தாழ ஒரு மைல் தெற்கே. கோணத்தில் ஒரு கலை கூட இல்லை. கையில் கொடுத்த கருவிக்கு அது மோசமான வேலை இல்லை என்பது அப்பாவின் தீர்ப்பு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஒரு மைலில்தான் ஆறு இருக்கிறது. கோடு 35 பாகையிலேயே விழுந்திருந்தால் ஆற்றின் ஒரு வளைவு ஜார்ஜியாவுக்குள் வந்திருக்கும். 1967இல் நிக்கஜாக் அணை முடிந்து அங்கே ஏரியே நிற்கிறது. 2007 வறட்சியில் அட்லாண்டா தண்ணீருக்குத் தவித்தபோது ஜார்ஜியா 1818ஐத் தூசு தட்டி எடுத்தது. 2008இல் தீர்மானம். சட்டனூகா மேயர் பதிலுக்கு ஒரு லாரி நிறையத் தண்ணீர் பாட்டில் அனுப்பினார். 2013இல் இன்னொரு தீர்மானம்: ஏரியைத் தொட ஒன்றரை சதுர மைல் பட்டை கொடுங்கள், மற்ற எல்லையை இருக்கிறபடியே ஒப்புக்கொள்கிறோம், இல்லையென்றால் உச்ச நீதிமன்றம். டென்னசி கொடுக்கவில்லை.

மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கென்றால் நேராக உச்ச நீதிமன்றம்தான். இப்படி ஒரு வழக்கை அது 1893இலேயே பார்த்திருக்கிறது. வர்ஜீனியாவுக்கும் டென்னசிக்கும் 1802இல் அளந்து அடுத்த வருஷம் இரண்டு சட்டமன்றமும் ஏற்ற கோடு, சாசனம் சொன்ன 36 பாகை 30 கலையில் இல்லை, திருத்துங்கள் என்று வர்ஜீனியா கேட்டது. தொண்ணூறு வருஷம் இரண்டு பேரும் ஏற்று நடந்த கோடுதான் எல்லை, அது சாசனத்திலிருந்து விலகினாலும் சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காமக் கல்லை வைத்தே எல்லை நடந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. தாகம் உண்மைதான், அதற்குத் தண்ணீர் ஒப்பந்தம் பேச வேண்டும். இருநூறு வருஷம் குடியிருந்தவர்களின் எல்லையைத் தூக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்டேட் லைன் கல்லறைத் தோட்டத்தின் பக்கம், மரங்களுக்குள் காமக் கல் வைத்த அந்த மூலை இருக்கிறது. ஜார்ஜியா, டென்னசி, அலபாமா மூன்றும் சேரும் இடம். அப்பா போனை நீட்டினார். 34 பாகை 59 கலை சொச்சம்.

நிக்கஜாக் என்பது செரோக்கி என்ற பழங்குடி மக்களின் ஊர். 1818இல் காமக் வந்தபோது இதைச் சுற்றியுள்ள நிலத்தில் செரோக்கிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரிலிருந்து தூரம் அளந்து, அவர்கள் ஆற்றிலிருந்து கோல் எண்ணி, அவர்களைக் கேட்காமல் இரண்டு மாநிலங்கள் பங்கு பிரித்தன. 1835இல் நியூ எகோட்டா உடன்படிக்கை, 1838இல் கட்டாய வெளியேற்றம். காரில் வரும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் வேலை பார்த்த காலத்தில் வழக்கு நிலத்தை அளக்கப் போகுமுன் அக்கம்பக்கத்து எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். "இங்க அந்த ஊர்க்காரங்களுக்கு யாரு நோட்டீஸ் கொடுத்தா?" என்று கேட்டார்.

ஜார்ஜியா இன்னும் வழக்குப் போடவில்லை. நாங்கள் நாளை காலை ராலேக்குக் கிளம்புகிறோம். எலிகாட் பாறைக்கு நடக்க நினைப்பவர்கள் மழைக்கு மறுநாள் போக வேண்டாம், ஆறு ஏறினால் எழுத்துகள் தண்ணீருக்குள் போய்விடும். வால்ஹல்லா பாதையில் போனால் ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை, வட கரோலினாப் பாதையில் போனால் இறங்கிக் கடக்க வேண்டும்.